சுத்தம் செய்த மீன் அரை கிலோ

எந்தச் சமையல் புத்தகத்தைப் பிரித்தாலும் மீன் குழம்புப் பக்கம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது: சுத்தம் செய்த மீன் அரை கிலோ. அடுத்த வரியில் சின்ன வெங்காயம், அதற்கடுத்துத் தக்காளி, பிறகு எலுமிச்சை அளவு புளி. வெங்காயம் மண்ணில் விளைவதைப் போல, புளி மரத்தில் காய்ப்பதைப் போல, மீனும் சுத்தமாகவே பிறக்கிறது என்று ஒருவர் நினைத்துக்கொண்டால் அந்தப் புத்தகத்தை வைத்து அவரைத் திருத்த முடியாது.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்தச் 'செய்த' எனக்கு உறுத்துகிறது. ஒரு வினை ஆறு பொருளைத் தரும் என்கிறது நன்னூல். செய்வது யார், எந்தக் கருவியால், எந்த இடத்தில், என்ன செயல், எந்தக் காலத்தில், எதை. சமையல் குறிப்பு செயலையும் மீனையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் மறைத்துவிடுகிறது. அந்த ஆறில் முதலாவதை 'செய்பவன்' என்று நன்னூல் ஆண்பாலில் சொல்கிறது. மீன் கழுவும் இடத்தில் நான் அதிகம் பார்த்தது செய்பவளைத்தான். மறைந்துபோன நான்கையும் ஒரே ஒரு மீனை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அந்த மீன் ஜிலேபி.

எங்கள் ஊர்ச் சந்தையில் ஆகக் குறைந்த விலை அதற்குத்தான். விராலுக்கு முன்னால் பேரம் பேசுகிறவர்கள் ஜிலேபிக்கு முன்னால் மூக்கைச் சுளிக்கிறார்கள். விருந்தாளி வந்தால் யாரும் ஜிலேபி வாங்குவதில்லை. "சாக்கடை மீன்" என்று சொல்வார்கள். சாக்கடை கலக்கும் ஏரியில் பிடித்ததை நானும் வாங்கமாட்டேன். ஆனால் ஏரியில் சாக்கடையை விட்டது மீன் அல்ல. மற்ற மீன்கள் செத்துப்போன தண்ணீரில் இது சாகாமல் இருந்தது, அதுதான் இதற்குக் கெட்ட பெயராகிவிட்டது. குறைந்த பிராணவாயு, உப்புத் தண்ணீர், கலங்கல், எல்லாவற்றையும் தாங்கும்.

இது நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி ஆறுகளைச் சேர்ந்த மொசாம்பிக் திலேப்பியா. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குளம் குட்டைகளில் வளர்த்தால் ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைக்கும் என்பது எண்ணம். ஆனால் அது கட்டுக்கடங்காமல் பெருகி, நம் நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது. 1959இல் இதைப் பரப்புவதற்குத் தடை வந்தது. அதற்குள் ஏரி, குளம், அணை என்று எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. திலேப்பியா என்ற பெயரை நம் மக்கள் சிலேபி ஆக்கி, பிறகு ஜிலேபி என்று இனிப்பாக்கிக்கொண்டார்கள்.

சங்கப் பாட்டில் கயல் உண்டு, கெண்டை உண்டு. வாளை, வரால், ஆரல், அயிரை எல்லாம் உண்டு. பெண்ணின் கண்ணுக்குக் கயலை உவமை சொல்லி நம் கவிஞர்கள் ஓய்ந்தபாடில்லை. ஜிலேபி தாமதமாக வந்த மீன். எந்தப் பெண்ணின் கண்ணையும் யாரும் ஜிலேபி என்று சொன்னதில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி. உவமையாகத் தப்பித்த மீனை மீனாகவே பார்க்க முடிகிறது.

இனி, மறைந்த நான்கு.

முதலில் இடம். நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம் ஏரிக்கரைக் கிராமம். வீட்டுக்குள் மீன் கழுவக் கூடாது. அடுப்பில் குழம்பாகக் கொதிக்கலாம், தட்டில் துண்டாக விழலாம், கழுவுவது மட்டும் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெயிலிலோ தூறலிலோ. மேலே காக்கை, பக்கத்தில் பூனை, சற்றுத் தள்ளி நாய். அம்மா ஒரு கையால் மீனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காக்கையை விரட்டுவார். பூனைக்குக் குடல் வரும்வரை பொறுமை இருக்கும். மனிதர்களுக்கு இருக்காது. "இன்னுமா ஆவல?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

அடுத்தது கருவி. அரிவாள்மணை, சொரசொரப்பான கல், அடுப்புச் சாம்பல், கல் உப்பு, மஞ்சள்தூள், ஒரு மண்சட்டி, இரண்டு குடம் தண்ணீர். குடத்துத் தண்ணீரை யார் சுமந்து வந்தார் என்று கேட்டால் அது இன்னொரு வாக்கியம், அதற்கும் எழுவாய் தோன்றாது.

செயலைச் சமையல் புத்தகம் சொல்லிவிட்டது என்றேன். சொன்னது ஒரே ஒரு சொல். அந்த ஒன்றுக்குள் எத்தனை வினை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஜிலேபியின் முதுகில் வரிசையாக நிற்கும் முள் ஊசி மாதிரி. அதை முதலில் நறுக்க வேண்டும். நறுக்காமல் கை வைத்தால் ஏறிவிடும். இரண்டு நாள் விரல் விண்விண்ணென்று தெறிக்கும். பக்கத்துச் சிறகுகளையும் வாலையும் நறுக்கிய பிறகு மீனின் மேல் சாம்பலைத் தூவிப் புரட்ட வேண்டும். சாம்பல் இல்லாவிட்டால் வழுக்கும். வாலிலிருந்து தலைப் பக்கமாகக் கல்லில் உரச வேண்டும். இதன் செதில் கெட்டி, தெறித்துப் போய்த் தலைமுடியில், ரவிக்கையில், கண்ணிமையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் நகத்தால் கிள்ளித்தான் எடுக்க முடியும். பிறகு செவுளைத் தூக்கி உள்ளே இருக்கும் சிவப்பைப் பிடுங்க வேண்டும். வயிற்றைக் கீற வேண்டும், ஆழமாக அல்ல. உள்ளே பச்சையாக ஒரு பித்தப்பை இருக்கிறது. அது உடைந்தால் அந்த மீன் கசக்கும். குடலை மொத்தமாக விரலால் வளைத்து, பித்தப்பை உடையாமல் இழுக்க வேண்டும். அப்புறம்தான் ஜிலேபிக்கே உரிய வேலை. வயிற்றின் உள்பக்கம் கரிய மெல்லிய ஜவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். பார்த்தால் அழுக்கு மாதிரி தெரியும், கழுவினால் போகாது. கட்டை விரலில் உப்பைத் தொட்டு உரித்து வழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் குழம்பில் வாடை நிற்கும். ஜிலேபியைப் பிடிக்காது என்கிறவர்களில் பாதிப்பேர் இந்த ஜவ்வு எடுக்காத மீனைத் தின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி அலச வேண்டும். தண்ணீர் தெளியும்வரை நான்கு முறை, ஐந்து முறை. கடைசியாகப் புளிக்கரைசலிலோ மோரிலோ கால் மணி நேரம் ஊறப் போட்டு, மறுபடி ஒரு அலசல்.

நறுக்கு, தூவு, புரட்டு, உரசு, பிடுங்கு, கீறு, வளைத்து இழு, உரி, வழி, பிசறு, அலசு, ஊறவை. 12 வினைகள். இவற்றுக்குப் பதிலாகத்தான் 'சுத்தம் செய்த' என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டிலோ இந்த 12 வினைகளுக்கும் பதிலாக வேறொரு வாக்கியம் இருந்தது: "இன்னைக்கு அப்பா மீன் எடுத்தாந்தாரு." அந்த வாக்கியத்தில் எழுவாய் பளிச்சென்று இருந்தது.

மீதமிருப்பது காலம். போன மாதம் 2 கிலோ ஜிலேபி வாங்கிக் கடிகாரம் பார்த்துக் கழுவினேன். 17 மீன். 1 மணி 20 நிமிடம் ஆனது. சமைக்க 40 நிமிடம். தின்ன 15 நிமிடம். ஜிலேபி மலிவு என்று சந்தையில் சொல்லும்போது அந்த 80 நிமிடம் கணக்கில் வருவதில்லை. மீன் சிறுத்தால் விலை குறைகிறது, கழுவும் நேரம் கூடுகிறது. அதாவது குறைந்த விலையின் மிச்சத்தை ஒரு பெண்ணின் விரல்கள் கட்டித் தீர்க்கின்றன. 2019இல் இந்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது. அப்படி ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். ஈடுபடாத ஆண்கள் அந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிலேபி மேல் இருக்கிற பெரிய புகார் சேற்று வாடை. அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்னும் ஒரு பொருள். நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. தண்ணீரில் கலந்து, செவுள் வழியாக ஏறி, மீனின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. புளிப்புப் பட்டால் அது சிதையும். புளியிலும் மோரிலும் ஊறப்போடு என்று என் பாட்டி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது வேதியியல்தான், பெயர்தான் இல்லை.

இதைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கோடைக்குப் பின் முதல் மழை விழும்போது மண்ணிலிருந்து எழும் மணம் இருக்கிறதே, அதற்கும் முக்கியக் காரணம் இதே ஜியோஸ்மின். நாம் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வதும், மண்வாசனை என்று கவிதைத் தொகுப்புகளின் முன்னுரைகளில் பாராட்டுவதும் அதைத்தான். நானும் எழுதியிருக்கிறேன். மழையில் வந்தால் வாசனை, மீனில் வந்தால் வாடை. எங்கே இருந்து வருகிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லை மாற்றிக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் நற்றிணையின் 45ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். நெய்தல் பாட்டு. தேரில் வந்து நிற்கிற பெரிய இடத்துப் பையனிடம் தோழி சொல்கிறாள்: இவள் கடலில் மீன் பிடிக்கிறவர்களின் மகள், நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில். எங்கள் வாழ்வு உங்களுடையதுபோல் உயர்ந்ததில்லை, ஆனால் உன்னைப் போன்றவர்கள் எங்களிலும் உண்டு என்றும் முடிக்கிறாள். உரையாசிரியர்கள் வழியில் நான் இதைக் குறைநயப்பு, சேட்படை என்று துறை விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மேம், அந்தப் பொண்ணு அத வெக்கப்பட்டுச் சொல்றாளா, திமிராச் சொல்றாளா?"

"உனக்கு எப்படிப் படுது?" என்றேன்.

"திமிராச் சொன்னாதான் மேம் நல்லா இருக்கும். ஆனா எங்கம்மா சொல்லமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மா மார்க்கெட்ல மீன் கழுவறாங்க. பஸ்ல கடைசி சீட்டுக்குத்தான் போவாங்க. யாரும் போகச் சொல்றதில்ல. அவங்களே போயிடுவாங்க."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். அன்று நான் துறையை அங்கேயே விட்டுவிட்டு, 'தள்ளி நில்' என்பதை அவள் யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்பதைப் பற்றி மட்டும் பேசினேன். தேரில் வந்தவனைத் தள்ளி நிற்கச் சொல்ல அந்தத் தோழிக்கு வாய் இருந்தது. பேருந்தில் தானே பின்னால் போகிற பெண்ணுக்கு அந்த வாய் எங்கே போயிற்று? அவர் கையில் ஒட்டியிருக்கும் வாடை வேறு யாருடைய வீட்டுக் குழம்பிலோ மணமாக இருக்கிறதே, அதை அவருக்கு யார் சொல்வது?

ஜிலேபியிடம் இன்னொரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். இந்த மீனில் தாய்தான் அடைகாக்கும், அதுவும் வாய்க்குள். முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரித்துத் தனியாக நீந்தும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருக்கும். அந்த நாட்களில் அது இரை எடுப்பதில்லை. கழுவும்போது சில நேரம் மீனின் வாயிலிருந்து மஞ்சள் மணிகள்போல் முட்டை உதிரும். அம்மா ஒருமுறை அதைக் கையில் ஏந்திக் காட்டி, "பாரு, வாயத் தொறந்து ஒரு வா தின்ன முடியாது இதுக்கு" என்றார்.

தயக்கம் ஏன் என்றால், இதைச் சொன்னவுடன் மேடையில் ஒருவர் எழுந்து தாய்மையே தெய்வம் என்று பேச ஆரம்பித்துவிடுவார். அன்னையர் தின வாழ்த்து அட்டையில் இந்த மீனின் படம் வந்துவிடும். பட்டினி கிடக்கும் மீன் தான் பட்டினி கிடப்பதற்காகப் பாராட்டு கேட்கவில்லை. நம் வீடுகளில் பட்டினியைப் பாராட்டிப் பாராட்டியே அதை ஒரு வேலையாகப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

பண்ணைக்காரர்கள் இந்தத் தாய்மையை வேறு விதமாகக் கணக்குப் பார்க்கிறார்கள். பெண் மீன் முட்டைக்கும் அடைகாப்பதற்கும் உடம்பைச் செலவழிப்பதால் அது ஆண் அளவுக்கு எடை போடுவதில்லை. குளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் குஞ்சுகள் பெருகி எல்லாம் சிறுத்துப்போகும். அதனால் இன்றைய திலேப்பியா பண்ணைகள் பலவற்றில், குஞ்சுகளுக்கு முதல் மூன்று நான்கு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கி வளர்க்கிறார்கள். ஒரே அளவு, கொழுத்த சதை, ஏற்றுமதித் தரம். ஒரு பக்கம் தாய்மையைக் கும்பிடுகிறோம், தராசில் வைக்கும்போது பெண் என்பது நட்டம். இரண்டும் ஒரே உலகம்தான். நான் பண்ணைக்காரரைக் குறை சொல்லவில்லை. கும்பிடுகிறவரைவிட அவர் கணக்கை வெளிப்படையாக வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் திருமணத்துக்குப் பின் ஒரு விதி வைத்துப் பார்த்தோம்: மீன் வாங்கி வருகிறவரே கழுவ வேண்டும். மூன்று நான்கு வாரம் நடந்தது. கணவர் நன்றாகவே கழுவினார், முள் குத்தினால் மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். பிறகு அவர் செயலியில் வாங்க ஆரம்பித்தார். சுத்தம் செய்த மீன் அரை கிலோ, ஐஸ் போட்டு, பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்தது. வீட்டுச் சண்டை தீர்ந்தது. ஆனால் பெட்டியைத் திறந்தபோது எனக்கு அந்த மாணவியின் அம்மா நினைவுக்கு வந்தார். வேலை காணாமல் போகவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து, நாங்கள் பார்க்காத ஓரிடத்தில் பார்க்காத ஒரு பெண்ணின் கைக்குப் போயிருந்தது. நான் விடுதலை அடைந்தேன் என்றால் யாருடைய கையில் முள் குத்தி அடைந்தேன் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது சந்தைக்கே போகிறோம். மீன் கழுவித் தரும் அக்காமார் வரிசையாக அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஜிலேபிக்கும் விராலுக்கும் ஒரே கூலி என்பதால் ஜிலேபியைக் கொண்டுபோனால் அவர்கள் முகம் சுருங்கும். நியாயம்தான். சின்ன மீனுக்குக் கூடுதலாகக் கேளுங்கள் என்றேன். "கேட்டா மீனே பத்து ரூபாய்க்குத்தான், கழுவ இருவதான்னு சண்டைக்கு வராங்கம்மா" என்றார் ஒருவர். வரிசையில் நிற்கும்போது நான் உரக்கக் கூடுதலாகக் கொடுக்கிறேன், பின்னால் நிற்கிறவர் காதில் விழ வேண்டும் என்பதற்காக. இதனால் உலகம் மாறிவிடாது. அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்று ஒருவர் காதிலாவது விழும்.

சமையலையும் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணெயில் வெந்தயம் சிவந்ததும் பத்துப் பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. தக்காளி குழைந்தபின் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும். ஜிலேபிக்குப் புளி மற்ற மீனைவிட ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும். குழம்பு நன்றாகக் கொதித்துப் பச்சை வாடை போய் எண்ணெய் மிதந்த பிறகே மீனைப் போட வேண்டும். எட்டு நிமிடம், கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். மாங்காய்க் காலத்தில் இரண்டு துண்டு மாங்காய். இறக்கி மூடி வைத்து, அவசரம் இல்லாதவர்கள் மறுநாள் காலையில் சாப்பிடலாம். கெண்டையில் இருப்பதுபோல் சதைக்குள் ஓடும் மயிர்முள் இதில் கிடையாது. நடுத்துண்டைக் குழந்தைக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

அந்த நடுத்துண்டு எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் தம்பிக்கும். எனக்கு வால் பக்கம். அம்மாவுக்குத் தலை. "தலைலதான் ருசி" என்பார். ஒவ்வொரு எலும்பாகப் பிரித்து, உறிஞ்சி, மெல்ல மெல்ல, எல்லோரும் எழுந்து போன பிறகும் தின்றுகொண்டிருப்பார். அவருக்கு உண்மையிலேயே தலை பிடித்ததா என்று நான் கேட்டதில்லை. பிடித்தது வேறு, பழகியது வேறு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. என்னோடு இருக்கிறார். போன மாதம் அந்த 17 மீனைச் சமைத்த அன்று அவர் தட்டில் பெரிய மீனின் நடுத்துண்டை வைத்தேன். பேரன் தட்டுக்குத் தள்ளினார். திரும்ப எடுத்து வைத்தேன். "பையனுக்கு வேற இருக்கும்மா, நீங்க சாப்பிடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார். ஒரு பக்கம் பிட்டார், மறுபக்கம் திருப்பினார், நடுமுள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ்ளோதானா?" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "இத்தினி சீக்கிரம் முடிஞ்சிடுதே."

நான் இன்னொரு நடுத்துண்டு வைத்தேன். இந்த முறை தள்ளவில்லை.